குழாய்க்குள்ள தூக்கம் வராது

என் கிழவனுக்கு,

கோழிக்கெல்லாம் நேரத்துக்குத் தீனி போடுறியா? ஆக்லாந்து வந்ததுலேருந்து என் தங்கச்சி லுபே மூணு படத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா.

பேய்ப் படத்துல, நம்ம ஊர் ஆப்பியா சினிமாக் கொட்டகைன்னு நினைச்சு, "பின்னாடி பாருடி!"ன்னு கத்திட்டேன். மொத்தக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பாத்துச்சு. "அக்கா, மானத்தை வாங்காதே"ன்னு லுபே கிள்ளினா. எப்பவும் நீதானே என் கண்ணைப் பொத்துவே?

சண்டைப் படம் சுமார். நாலு குண்டு பாஞ்சும் ஹீரோ மதில் ஏறிக் குதிக்கிறான். எனக்கு ஒரு ஊசிக்கே ரெண்டு நாளா கையைத் தூக்க முடியல.

விண்வெளிப் படம் சுத்தப் புளுகு. வெள்ளைக் குழாய்க்குள்ள படுத்து ஒரு பொண்ணு நூறு வருஷம் தூங்குறாளாம்! உள்ளே போனா மண்டையில சுத்தியலால அடிக்கிற மாதிரி சத்தம். மூக்கு அரிச்சாலும் அசையக் கூடாது. தூக்கமா வரும்?

அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்னு கேக்குறியா? இங்க ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்க என்னையும் அப்படிப் படுக்க வெச்சாங்க. லுபேயைத் திட்டாதே. உன்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் அவ வாயை அடைச்சேன்.

அடுத்த மாசம் எட்டாந்தேதி டாக்டரம்மா முடிவு சொல்றாங்க. இந்த மூணு படத்தைத் தவிர, முடிவு தெரியாத எதையும் நீ பக்கத்துல இல்லாம நான் பாத்ததில்ல. கோழியை உங்க அண்ணன்கிட்ட விட்டுட்டு வா. இந்தத் தடவை கண்ணைப் பொத்த வேணாம், கையைப் பிடிச்சுக்கோ, போதும்.

உன் வாயாடி