குகூயோவுக்கு விழுந்த கைத்தட்டல்

மே 12, திங்கள்

சுருட்டு ஆலையில் வாசிப்பாளராக எனக்குச் சோதனை வாரம். தொழிலாளர்கள் சுருட்டச் சுருட்ட நான் நாவல் வாசிக்க வேண்டும். பிடித்தால் பிறைக்கத்தியால் பலகையில் தட்டுவார்கள்; பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். என்னை வைத்துக்கொள்வதா என்று வெள்ளிக்கிழமை ஓட்டு. இந்த வேலையை எவ்வளவு விரும்புகிறேன் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை.

இன்று இருபது கத்தியாவது விழுந்திருக்கும். முதல் வரிசை பசிலியோ கேட்டார்: “கண்ணு, புத்தகத்துக்கா வாசிக்கிற, எங்களுக்கா?”

மே 13

பதினாறு கத்தி. முன்னேற்றம்தான்!

மே 14

சாயங்காலம் மின்வெட்டு. சமையலறைக்குள் ஒரு குகூயோ வண்டு, முதுகில் இரண்டு பச்சை விளக்குகளோடு. மேசையில் மல்லாந்து விழுந்து செத்ததுபோல் கிடந்தது. பிறகு உடம்பை வில்லாக வளைத்து, காத்திருந்து — டக்! கால்களைப் பயன்படுத்தவே இல்லை. ஒரு சாண் எழும்பி, மறுபடி மல்லாந்தே விழுந்தது. எந்தப் பக்கம் விழும் என்பது அதன் வசத்தில் இல்லை என்று படித்திருக்கிறேன். ஆனாலும் நான்காம் முறை அது நிமிர்ந்தபோது கைதட்டிவிட்டேன். பைத்தியம்தான் நான்.

கரும்புத் துண்டோடு பாட்டிலில் குடியமர்த்தியிருக்கிறேன்.

மே 15

நாவலைத் திறக்கவில்லை. வண்டை மைக் பக்கத்தில் மல்லாத்தினேன். அசையவே இல்லை.

“அடிப்பாவி, கொன்னுட்டாளே!” என்றாள் பின்வரிசை ஸோரைதா. சிரிப்பு. பிறகு கூடமே அமைதி. சுருட்டும் கைகள்கூட நின்றன. வண்டை எடுக்கக் கை நீட்டினேன் —

டக்!

ஆலை முழுக்கக் கத்திகள் பதிலுக்குத் தட்டின. “வேலைய அதுக்கே குடுங்கப்பா!” என்று பசிலியோ கத்தினார். “கண்ணு, நீ அதுக்குக் கரும்பு வெட்டிப் போடு!”

மைக்கிலேயே சிரித்துவிட்டேன். அப்புறம்தான் நாவல். நாயகி கதவைத் திறக்கும் வரிக்கு முன்னால் நிறுத்தி நிமிர்ந்தேன். இத்தனை முகங்களா? மூன்று நாளாக எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

“ஏண்டி நிறுத்துன? உள்ள யாரு?” — ஸோரைதா.

வாசித்துச் சொன்னேன். கத்தி மூன்றுதான் விழுந்தது.

மே 16

ஓட்டு. அவர்கள் எண்ணும்போது தலை நிமிரவில்லை நான். வண்டை வாசல் மாமரத்தில் விட்டுவிட்டேன்.

மே 19, திங்கள்

நான்காம் அத்தியாயம். என் மேசையில் ஒரு கரும்புத் துண்டு இருந்தது.

“வண்டுதான் போயிடுச்சே?” என்றேன்.

“உனக்குத்தான் கண்ணு,” என்றார் பசிலியோ. “தெனம் வாசிக்கணும்ல. தொண்டை காயும்.”