தொடாமல் சொல்

மார்ச் 3, செவ்வாய்

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு. ஆங்கிலத்தில் ‘பாயில் மில்க்’. பக்கத்தில் ‘ப்ளீஸ்’ என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறாள் கலைமதி. காய்ச்சினேன்.

என் பெண்டாட்டிக்கு இருபதாம் தேதி டிரெய்னர் தேர்வு. தேறினால் ஜெனரல் ஷிப்ட், சாயங்காலமே வீடு. நான் ஒரகடம் கிடங்கில் காலை ஷிப்ட், அவள் சுங்குவார்சத்திரம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் மதிய ஷிப்ட். இரண்டு வருஷமாக நாங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தம்பதி.

லைனில் ஒடிசா, அசாம் பிள்ளைகள் இருப்பதால் இங்கிலீஷில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். இரண்டு மூன்றே சொல், கட்டளையாக. எடு, வை, அழுத்து. ஃபிரிட்ஜ் சீட்டு அதற்குப் பயிற்சி. இதில் ஒரு சட்டம்: சொல்லிக்கொடுப்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். பொருளைத் தொட்டால் ஃபெயில்.

மார்ச் 5

‘வாஷ் டிபன் பாக்ஸ்.’ கழுவினேன். இந்தச் சீட்டில் ப்ளீஸ் இல்லை. முன்னேற்றம்தான்.

மார்ச் 8, ஞாயிறு

நான்தான் மாணவன். பழைய மிக்சியைக் கழற்றி மாட்ட வேண்டும். வேண்டுமென்றே ஸ்க்ரூவைக் கோணலாக வைத்தேன். ‘ஸ்டாப்’ என்று சொல்ல வாய் வரவில்லை மகராசிக்கு. ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி அவளே மாட்டிவிட்டாள்.

மார்ச் 12

சாயங்கால டீ பிரேக்கில் போன். அழுகை. ஒத்திகையில் மாணவியாக உட்கார்ந்தது கூட வேலை செய்யும் மஞ்சுளா அக்கா, இவளைவிடப் பத்து வயது பெரியவர். கேபிளைத் தப்பாகச் செருகப் போனாராம். இவள் கை நீண்டுவிட்டது. சூப்பர்வைசர் காசிராஜன் ஃபெயில் என்று பேப்பரில் கோடு போட்டுவிட்டார்.

“சொல்றதுக்குள்ள நானே பண்ணிட்டா முடிஞ்சிடுமே. இன்னாத்துக்கு இவ்ளோ வாத்தியார் வேல?”

“வூட்லயும் அப்டித்தான பண்ற,” என்றேன் சிரித்துக்கொண்டு.

“சொன்னா யாரு செஞ்சாங்க?”

பிரேக் முடிந்து வைத்துவிட்டாள். சண்டைக்குச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் உறுத்துகிறது. கல்யாணமாகி ஒன்பது வருஷம். இந்தச் சீட்டுகளுக்கு முன்னால் அவள் சொல்லி நான் என்ன செய்தேன்? யோசித்துப் பார்க்கிறேன் — ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. இன்னா ஆளுடா நீ, வெங்கடேசா.

மார்ச் 15, ஞாயிறு

அவள் துப்பட்டாவால் அவள் கையையே பின்னால் கட்டிவிட்டு, “வாயால சமைச்சுக் காட்டு,” என்றேன். கட் ஆனியன். வாஷ் தால். முதலில் முனகல். நான் புளிக்கரைசல் என்று நினைத்து டீ டிகாஷனைக் குழம்பில் ஊற்றப் போனபோது வந்தது பாருங்கள் ஒரு ‘ஸ்டாப்’. பக்கத்து வீட்டு அம்சவல்லி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். கட்டிய கையையும் என் கரண்டியையும் பார்த்துவிட்டு வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளத் தோன்றியது. சாம்பார் சுமார்.

மார்ச் 20, வெள்ளி

லீவு போட்டுவிட்டு சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். தேர்வு முடிந்து மஞ்சுளா அக்காவோடு வந்தாள். இன்றும் அக்காதான் மாணவியாம்.

“ஸ்டாப்னு ஒரு சவுண்டு வுட்டா பாரு, எனக்கே கை நின்னுப்போச்சு,” என்றார் அக்கா. “கோவமே வரல தம்பி. தெளிவா கீது, செய்யறவளுக்கு அதான வேணும்.”

கலைமதி கை இரண்டும் இன்னும் பின்னால்தான் இருந்தன. நான்தான் பிடித்து முன்னால் இழுத்தேன்.

மார்ச் 27

தேறிவிட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

ஜெனரல் ஷிப்ட் முதல் நாள். ஆறேகாலுக்கு வந்தாள், நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

“டீ போடுங்க. சக்கர கம்மியா.”

போட்டேன். ஒன்பது வருஷமாக எனக்குப் போடுகிற அதே அளவு சர்க்கரையைத்தான் தனக்கும் போட்டுக் குடித்திருக்கிறாள். அவளுக்குக் குறைவாகத்தான் பிடிக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.