உப்பு ஒத்தடம் வைத்தது நான்தான்

சூலூர்
ஐப்பசி 20

அன்பு மகள் புவனாவுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் ரித்திகாவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை இருக்கட்டும். இது நானே எழுதும் முதல் கடிதம் கண்ணு, நான்கு நாளாக எழுதுகிறேன், ஓர் எழுத்துகூட யாரிடமும் கேட்கவில்லை. நீ போனபின் எழுதப் படிக்க நான் சேர்ந்த முதியோர் வகுப்பு டீச்சர், தாத்தா உங்க எழுத்து முத்தாட்ட இருக்குதுங்க என்றார், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எழுத வந்தது சந்தோஷமான விஷயம் இல்லை.

கை வீக்கம் வற்றவில்லை, டாக்டர் கையைச் சுட்டுக் கெடுத்துவிட்டார், தை மாதம் மஸ்கட்டிலேயே மறுபடி ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று போனில் அழுதாயே, சுட்டது டாக்டர் இல்லை கண்ணு, நான்தான். ஆவணியில் கை இளைக்க ஆபரேஷன் செய்து கொழுப்பை எடுத்துவிட்டு, நம் வீட்டில் வந்து மயக்கத்தோடு படுத்திருந்தபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைத் தந்து யாரையாவது படிக்கச் சொல்லுங்கப்பா என்றாய். அப்போது எனக்கு என் பெயர் மட்டும்தான் எழுத வரும். சொந்தக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்றும் சொல்லியிருந்தாய், அதனால் யாரிடமும் காட்டாமல் ரேஷன் கார்டோடு மடித்து வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் கை ரொம்ப வீங்கிவிட்டது. பயந்துபோய், என் முட்டி வீங்கியிருக்கிறது என்று பொய் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பழனியாத்தாளிடம் கேட்டேன். உப்பை வறுத்து ஒத்தடம் குடுங்கண்ணா, பொறுக்குற சூட்டுல வைங்க என்றாள். நீ மாத்திரை மயக்கத்தில் இருந்தாய். ஆஸ்பத்திரியில் கைக்கு மாட்டிவிட்ட இறுக்கமான உறையைக் கழற்றிவிட்டு இடது கையில் ஒத்தடம் வைத்து, கண்ணு சுடுதா என்று கேட்டேன். ஒண்ணுமே தெரியலீங்கப்பா என்றாய். சூடு போதவில்லை என்று நினைத்து மறுபடியும் வறுத்து வந்து அழுத்தி வைத்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் கொப்புளத்தைப் பார்த்த நர்ஸ், சூடு ஏதாச்சும் வச்சீங்களா என்று கேட்டபோது, இல்லீங்க என்று முந்திக்கொண்டு சொன்னதும் நான்தான்.

போன வாரம் அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தோல் கொஞ்ச நாள் மரத்திருக்கும், ஒத்தடம் கூடவே கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. படிக்கக் கற்று நான் முழுதாகப் படித்த முதல் தாள் இதுதான்.

நேற்று பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த நர்ஸிடம் ஒத்துக்கொண்டேன். ஏனுங்க ஐயா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லங்க என்று கடிந்துவிட்டு, உட்காரவைத்துச் சொன்னார். வீக்கம் முழுதாக வற்ற ஆறு மாதம்கூட ஆகலாமாம், உனக்கு இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. தழும்பு மங்கும், அடியோடு போகாதாம். கை கொஞ்சம் இளைக்குமுங்க, கல்யாணத்தப்ப இருந்த கை திரும்ப வராதுங்க என்றார். அதைக் கேட்டு நீ கலங்குவாய் என்று தெரியும், ஆனாலும் மறைக்க மாட்டேன்.

அவசரப்பட்டு மறுபடி கத்தி வைத்துக்கொள்ளாதே அம்மணி. அங்குள்ள டாக்டர் தழும்பைக் கேட்டால், எங்கப்பா சுட்டது என்று சொல், வெட்கப்படாதே. மாப்பிள்ளைக்கும் தெரியட்டும். ரித்திகாவுக்கு முத்தம். நீ நூறாண்டு நன்றாக இரு. கோபம் ஆறும்வரை போன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு கண்ணு. இப்போது நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
நஞ்சுண்டன்