வுடு என்றாரா, வூடு என்றாரா

3 ஜூலை 2007, செவ்வாய்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மாமாவின் ரயில்வே டார்ச்சில் எழுதுகிறேன். பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டது, கழற்ற வரவில்லை. நோட்டு முழுக்கப் பச்சை.

மாமா என்னிடம் ஒரு ரகசியம் சொல்லிவிட்டார். எனக்கு ரகசியம் ஒத்துக்கொள்ளாது.

திருமால் மாமா அம்மாவின் தம்பி. ஜங்ஷனில் சிக்னல் பிரிவில் வேலை, எங்களோடுதான் இருக்கிறார். போன வருஷம் ஒரு பழைய சிவப்பு பாலியோ கார் வாங்கினார். பார்க்கச் சின்னது, மிதித்தால் பறக்கும். வருகிற 22ஆம் தேதி சென்னைப் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்தில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டலாமாம். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை.

"பின்ன எதுக்கு மாமா?"

"சும்மா வேகமா சுத்தத்தான்."

அம்மாவிடம் நண்பன் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறக்கக் கூடாதாம். என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியத்தை மீறினால் தலைக்கு என்ன ஆகும்? யாரிடம் கேட்பது?

6 ஜூலை, வெள்ளி

"போறது பெருசில்ல வதனி, நிக்கணும்" என்கிறார் மாமா. தடத்தில் நாலு சுற்று சுற்றினாலே சாதாரண பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடுமாம். பெரிய டிஸ்க், புது காலிப்பர் என்று சென்னைக் கடையில் விலை விசாரித்தார். விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். கடைசியில் முன் சக்கரத்துக்கு நல்ல பிரேக் பேடு, புது பிரேக் ஆயில், அவ்வளவுதான் என்று முடிவு.

சாப்பிடும்போது, இருப்பதிலேயே ஒசத்தி செராமிக் பேடுதான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"செராமிக்கா? அதுக்கு ஏன்டா மெட்ராஸுக்கு அலையிற? ஒங்க மாமா சூளையில சுட்டுத் தருவாரே" என்றாள் அம்மா.

அப்பா பீங்கான் கப்பும் சாசரும் செய்யும் பட்டறையில் சூளை பார்க்கிறார். "ரெண்டு ஜோடி போட்டுடலாம் மாப்ள. கைப்புடி வேணுமா, வேணாமா?"

மாமா ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். எனக்கு அப்போதுதான் முதன்முதலில் பயம் வந்தது.

15 ஜூலை, ஞாயிறு

நான் மாமாவைக் கொன்றுவிட்டேன். இன்னும் சாகவில்லை. அடுத்த ஞாயிறு சாவார்.

காலையில் புது பேடு மாட்டினார். அடுத்தது பழைய ஆயிலை எடுத்துப் புது ஆயில் விடும் வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். மாமா சக்கரத்தருகே குந்தி, மருந்துக் கடையில் வாங்கிய குளுக்கோஸ் டியூபை பிரேக்கில் இருக்கும் ஓட்டைத் திருகாணியில் செருகி, மறுமுனையைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் விட்டார். நான் சீட்டில். "அமுக்கு" என்றால் பெடலை மிதிக்க வேண்டும். அவர் திருகாணியைத் திறப்பார், ஆயில் வரும். மூடிவிட்டு "வுடு" என்பார். அப்போதுதான் காலை எடுக்கலாம். "தெறந்திருக்கும்போது காலை எடுத்தா காத்த உள்ள இழுத்துடும். அப்புறம் பிரேக்கே இருக்காது. புரியுதா?"

மூன்று சக்கரம் ஒழுங்காக முடிந்தது. நாலாவதில் தெருவில் சிலிண்டர் வண்டி வந்தது. அப்பா பேரைச் சொல்லி விசாரித்தார்கள்.

"சக்கரபாணி வூடு எது சார்?"

"இந்த வூடு!" என்றார் மாமா.

காலை எடுத்துவிட்டேன்.

விடு என்பதை மாமா வுடு என்பார். வீடு என்பதை இந்த ஊரே வூடு என்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. தமிழில் தொண்ணூறு வாங்கி என்ன பிரயோஜனம்?

உடனே திரும்ப மிதித்துவிட்டேன். சிலிண்டர்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா கவனிக்கவில்லை. கடைசியில் அவரே பெடலை மிதித்துப் பார்த்தார். "கொஞ்சம் மெத்துனு இருக்குதே? சரி, புது பேடு. பழகினா சரியாப் போயிடும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? "ஒன்ன நம்பித்தான் இதுல எறங்கினேன் வதனி" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டார். அதற்கு மேல் எப்படி வாயைத் திறப்பது?

16 ஜூலை, திங்கள்

மாமா காரில் பால் வாங்கப் போனார். திரும்பி வரும்வரை இட்லித் தட்டோடு வாசலிலேயே நின்றேன்.

18 ஜூலை, புதன்

கனகா டீச்சர் பாஸ்கல் விதி நடத்தினார். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். "அப்படின்னா பிரேக் குழாய்க்குள்ள காத்து பூந்துட்டா என்ன ஆகும்? மதிவதனி, நீ சொல்லு."

"மாமா செத்துடுவாரு டீச்சர்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். நான் அழுதுவிட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

20 ஜூலை, வெள்ளி

பழமலைநாதர் கோயிலுக்குப் போனேன். மாமா உயிரோடு திரும்பினால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். மாமாவுக்குத்தான் மொட்டை. என் முடியைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

21 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் மாமா கிளம்பினார். அம்மா ஒரு கலர் பேப்பர் பொட்டலத்தைக் காரில் வைத்தாள். பொண்ணு மாப்பிள்ளைக்காம், அப்பா பட்டறையின் டீ கப் செட்டு. மாமா வண்டியை எடுத்தார். நான் கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டேன்.

"தள்ளு வதனி."

"மாமா, ரேஸுக்குப் போவாதீங்க! பிரேக்குல காத்து இருக்குது! நாந்தான் வுட்டுட்டேன்! நீங்க வூடுன்னு சொன்னீங்க, நான் வுடுன்னு—"

தெருவே கேட்டது. மாமா இன்ஜினை அணைத்தார்.

அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "என்னா ரேஸு?"

"அக்கா, அது வந்து..."

"கல்யாணம்னியேடா. யாரு பொண்ணு? தாரு ரோடா?"

அம்மா திட்டித் தீர்க்க அரை மணி நேரம் ஆனது. அப்புறம் மாமா என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ புது ஆயில் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் கொஞ்சம் ஆயில் மிச்சம் இருந்தது.

"ஒரு சக்கரத்துக்குப் போதும். ஏறு."

"நானா? மறுபடியுமா?"

"ஜங்ஷன்ல ஒருத்தன் சொன்னா கேக்குறவன் அதையே திருப்பிச் சொல்லணும். சொல்லாம ஒரு சிக்னல் லிவரையும் தொடக் கூடாது. பன்னெண்டு வருஷமா அத செஞ்சிட்டு, வூட்டுல மறந்துட்டேன். தப்பு எம்மேல. ஏறு."

அமுக்கு என்றார். அமுக்கு என்று சொல்லி அமுக்கினேன். டியூபில் கடுகளவு குமிழிகள் வரிசையாகப் போவதை அம்மாவும் குனிந்து பார்த்தாள்.

பெடல் கல்லு மாதிரி ஆனது. மாமா சாவியை எடுத்தார்.

"இரு. நாங்களும் வரோம். தனியா அனுப்பிட்டு இங்க என்னால ஒக்கார முடியாது" என்றாள் அம்மா.

22 ஜூலை, ஞாயிறு

நாலு பேரும் போய்ப் புளிசாதத்தோடு உட்கார்ந்தோம். நேர்ச்சாலை முடிகிற இடத்தில் மாமாவின் பிரேக் விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். பதினாறு சுற்று. பதினாறிலும் எரிந்தது, கார் அடங்கித் திரும்பியது. எல்லோரும் மாமாவை முந்தினார்கள்.

பக்கத்தில் இருந்தவர் அம்மாவிடம், "ஒங்க தம்பி ஏம்மா இவ்ளோ முன்னாடியே பிரேக் போடறாரு?" என்று கேட்டார்.

"போடட்டும்ங்க. எவ்ளோ நல்லா புடிக்குது பாருங்க" என்றாள் அம்மா.

மாமா இறங்கி வந்தார். சட்டை பிழியும்படி நனைந்திருந்தது. மொட்டை விஷயத்தை ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

12 ஆகஸ்ட், ஞாயிறு

மங்கலம்பேட்டையிலிருந்து கொளஞ்சி என்று ஒருவர் பிரேக் ஆயில் மாற்றக் கார் கொண்டுவந்தார். மாமாவைத் தடத்தில் முந்தியவர்களில் ஒருவராம். பெரிய மீசை. "பெடல் அமுக்குற பொண்ணு இங்கதான் இருக்குதா?" என்று கேட்டாராம். டியூஷனிலிருந்து வந்ததும் அப்படியே ஏறி உட்கார்ந்தேன்.

இரண்டாவது சக்கரத்தில் அவர் ஜன்னலில் கை ஊன்றிக்கொண்டு, சிமெண்டு விலை, மழை, மச்சான் ஊர் என்று என்னவெல்லாமோ பேசினார். கீழேயிருந்து வரும் மாமாவின் குரல் எனக்குக் கேட்க வேண்டும்.

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றேன்.

மீசை என்னைப் பார்த்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். வேலை முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.