மூடாத அடைப்புக்குறி

என் செல்லத் தம்பி கஜனுக்கு,

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உன் மனேஜரைப் பழிவாங்கினேன். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். பிறகு அம்மாவும் இதை வாசிப்பா, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அந்த வாடிக்கையாளரின் கொம்பியூட்டர் அடிக்கடி உறைந்து நின்றது, ஞாபகமா? அதை உள்ளிருந்து இயக்குகிற கெர்னலுக்குள் எங்கே சிக்குகிறது என்று தடம் பார்க்க ஒரு கட்டளை எழுதினாய். அது "இன்வலிட் ஆகியுமன்ட்" என்றது. செல்லாது, அவ்வளவுதான். என்ன பிழை, எந்த எழுத்தில் பிழை, ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் அந்த ஒற்றை வரியோடு மல்லுக்கட்டினாய். கொப்பியில் எழுதி எழுதிப் பார்த்தாய்.

அந்தக் கொப்பியைத்தான் கொழும்பில், வெள்ளவத்தை இராணுவச் சோதனைச்சாவடியில் புரட்டிவிட்டு, இது என்ன சங்கேதம் என்று உன்னை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். உன்னில் என்ன பிழை என்று அவர்களும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "அக்கா, மெஷினும் ஆமிக்காரரும் ஒரே மாதிரித்தான் கதைக்கினம்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் பிழையைக் கண்டுபிடித்தாய். ஒரு அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருந்தாய். அதற்கு மனேஜர் எல்லார் முன்னாலும், "ஒரு கட்டளை ஒழுங்கா எழுதத் தெரியாது, நீயெல்லாம் இஞ்சினியரோ?" என்றார். அதே ஒஃபிசில் பக்கத்து மேசையில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த கிழமை டெங்கு உன்னைக் கொண்டுபோனது. கொட்டாஞ்சேனை மலர்ச்சாலையில், உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த மனுசன் யாரிடமோ, "நல்ல பெடியன், வேலைதான் தெரியாது" என்றார். அதைக் கேட்ட பிறகு நான் எப்படிச் சும்மா இருக்க?

கெர்னலின் நிரலைத் திறந்து படித்தேன். கட்டளையை வாசிக்கிற பகுதிக்கு எந்த எழுத்தில் சறுக்கியது என்று தெரியும், தம்பி! தெரிந்துகொண்டே அதை எறிந்துவிட்டு, எல்லாப் பிழைக்கும் ஒரே பதிலைத் துப்புகிறது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருசமாகச் சனி ஞாயிறெல்லாம் அதோடுதான். ஒவ்வொரு பிழைக்கும் தனித்தனியாக ஒரு தெளிவான வசனம் எழுதினேன். பிழைத்த எழுத்துக்கு நேர் கீழே கூரை மாதிரி ஒரு சின்னக் குறி வைத்தேன். ஒஃபிஸ் மெஷின்களில் எல்லாம் ஏற்றிவிட்டு, அந்த மனுசன் எல்லார் முன்னாலும் பிழை விடுகிற நாளுக்காகக் காத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேலையைக் காட்டவென்று, பெரிய திரையில், மனேஜர் தானே அதே மாதிரித் தடம் பார்க்கிற கட்டளை ஒன்றை அடித்தார். "அடைப்புக்குறி மூடப்படவில்லை" என்று இங்கிலீசில் வந்து விழுந்தது. குறி அவருடைய பிழைக்குக் கீழேயே நின்றது. உன் பிழையேதான்! வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் அவர் அதைப் பார்த்தார், அடைப்புக்குறியை மூடினார், கட்டளை ஓடியது. உனக்கு மூன்று நாள். அவருக்கு அரை நிமிடம். அந்தச் சுகத்தையும் நான்தான் செய்து கொடுத்திருக்கிறேன்! பொறுக்க முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் போய், "சேர், கஜன் விட்டதும் இதே பிழைதான்" என்றேன்.

"எந்தக் கஜன்?" என்று கேட்டார்.

நடிக்கவில்லை, தம்பி. உண்மையாகவே மறந்துபோயிருந்தார். உன்னை நோகடித்ததுகூட அவருக்கு ஞாபகத்தில் வைத்திருக்கிற அளவு பெரிய விசயம் இல்லை. பழி முடிந்தது என்று நினைத்தேனே, என்ன மடச்சி நான்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தத் திருத்தத்தை உன் பெயரோடு கெர்னல் எழுதுகிற வெளியாட்களுக்கு அனுப்புவேன். ஏற்பார்களோ தெரியாது. ஆனால் எங்கள் ஒஃபிஸ் மெஷின்களில், ஒவ்வொரு பிழைச் செய்திக்கும் கீழே உன் பெயர் வரும். என்னை வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும். அந்த மனுசன் பிழை விடுகிற ஒவ்வொரு தடவையும், எந்த இடத்தில் பிழை என்று கஜன்தான் அவருக்குச் சொல்லிக்கொடுப்பான்.

இனி மறக்கட்டும் பார்ப்போம்.

அன்று வாயைத் திறக்காமல் இருந்த,
உன் அக்கா