உள்ள போச்சா?

மார்ச் 3, செவ்வாய்

பச்சை இன்று நாற்பது நிமிடத்தில் ஓடி முடிந்துவிட்டது. நீலத்துக்கு நேற்று ஐந்து மணி நேரம் ஆனது. அட்டவணையில் 'வேகம்' என்ற கட்டத்தில் பச்சைக்கு நல்ல மதிப்பெண் போட்டேன்.

கருவிகளின் பெயர்கள் நீளமான ஆங்கிலப் பெயர்கள். எனக்கு வாயில் நுழைவதில்லை, அதனால் விளம்பரத் தாளின் நிறத்தால் கூப்பிடுகிறேன். மூன்றும் ஓட்டை தேடும் கருவிகள். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு நாங்கள் செய்து கொடுக்கும் மென்பொருளில் திருடன் எந்த வழியாக நுழைவான் என்று முன்கூட்டியே சொல்பவை. மூன்றையும் ஓட்டிப் பார்த்து எதை வாங்கலாம் என்று வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும். ஆரஞ்சு, விற்க வந்தவர் கண் முன்னாலேயே பாதியில் நின்றுபோனது. பாவம், அவர் தன் பையை மூடக்கூட மறந்து போய்விட்டார். ஆக, இரண்டுதான்.

நீலம் கண்டுபிடித்தது 412. பச்சை கண்டுபிடித்தது 6.

பச்சையின் அறிக்கையில் மேலே ஒரு மஞ்சள் வரி இருக்கிறது. 'உள்நுழைவு உறுதி செய்யப்படவில்லை' என்கிற மாதிரி ஏதோ. ரெண்டு கண்ணாடியிடம் கேட்கலாம் என்று எழுந்தேன். (மூத்த நிரலாளர். ஒரு கண்ணாடி மூக்கில், ஒன்று தலையில். தலையில் இருப்பதைத்தான் எப்போதும் தேடுவார்.) எழுந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டபோது பின்னாலிருந்து யாரோ, "காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்றார்கள். சும்மா கேட்டதுதான். யாரும் சிரிக்கக்கூட இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து கேள்வி தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது.

மார்ச் 4, புதன்

நீலத்தின் விற்பனையாளர் வந்தார். என்னை 'மேடம்' என்றார். என் வாழ்க்கையில் என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள். போகும்போது ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார், நீல நிறம், மூடியில் அவர்கள் கம்பெனி சின்னம். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மார்ச் 6, வெள்ளி

எழுத வேண்டும். எழுதாமல் தூக்கம் வராது.

கூட்டத்தில் பன்னிரண்டு பேர். அட்டவணையைத் திரையில் போட்டேன். 412, 6 என்ற இரண்டு எண்களையும் நான்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். மேலாளர் மேடம் அதைப் பார்த்துவிட்டு ரெண்டு கண்ணாடியின் பக்கம் திரும்பினார். பச்சைதான் வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னவர் அவர்தான். நீலம் இயந்திரங்களில் பழசாகிப்போன மென்பொருட்களைத்தான் எண்ணும், நாம் எழுதினதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது, இரண்டும் வேறு வேறு வேலை என்று போன மாதமே சொல்லியிருந்தார்.

"உங்க ஆளு ஆறே ஆறு பிடிச்சிருக்கு சார். ஒண்ணு நம்ம அவ்வளவு சுத்தமா இருக்கணும், இல்ல அது தூங்கியிருக்கணும்" என்றார் மேலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உள்ள போச்சாம்மா அது?"

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத்தான் ஓட்டினாயா, வாசலைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்ததா என்று கேட்கிறார். இப்போது புரிகிறது. அப்போது பாதிதான் புரிந்தது. மஞ்சள் வரி கண் முன்னால் வந்தது. 'தெரியல சார்' என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"போச்சு சார்" என்றேன்.

"சரி" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அதோடு முடிந்தது. நீலம் என்று முடிவானது. பதினாறாம் தேதி கையெழுத்து, மூன்று வருட ஒப்பந்தம்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் என்னை அடிக்கப் போவதில்லை.

மார்ச் 7, சனி

போயிருக்கலாம். உள்ளே போயும் இருக்கலாம் இல்லையா? ஆறுதான் இருந்திருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

போகவில்லை.

காலையில் வெள்ளைப்பலகையைப் பார்த்தேன். அதன் வலது மூலையில், அழிக்காதே என்று கட்டம் கட்டி, சோதனைக் கணக்கின் கடவுச்சொல்லை எழுதி வைத்திருப்பார்கள். பாதுகாப்பைப் பற்றி நாள் முழுக்கப் பேசும் ஆபீசில் கடவுச்சொல் சுவரில் தொங்குவதை ரெண்டு கண்ணாடியே கிண்டல் செய்வார். மாதம் பிறந்தால் அது மாறும். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நான் அதைக் குறித்து வைத்தது பிப்ரவரி 27. பச்சையை ஓட்டியது மார்ச் 3.

பழைய சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது நாற்பது நிமிடம் வாசல் கதவையே தட்டித் தடவிப் பார்த்துவிட்டு, கதவில் இருந்த ஆறு கீறலை எண்ணிக் கொண்டுவந்து, 'நான் உள்ளே போகவில்லை' என்று மஞ்சளில் எழுதியும் கொடுத்திருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

எல்லோரும் சாப்பிடப் போனபோது புதிய கடவுச்சொல்லுடன் பச்சையை மறுபடி ஓட்டினேன். நாலே கால் மணி நேரம். 37.

அதில் ஒன்று சிவப்பு, மிக ஆபத்தானது என்று அர்த்தம். ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடும் பெட்டி. பெயருக்குப் பின்னால் சில குறிகளைச் சேர்த்துத் தட்டினால், கேட்ட ஆளின் முடிவு மட்டுமல்ல, அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்த எல்லோருடைய முடிவும் வரிசையாகக் கொட்டுகிறது. நாங்கள் ஓட்டிப் பார்க்கும் சோதனைப் பிரதியில் இருப்பவை போலிப் பெயர்கள்தான். ஆனால் உண்மையான பிரதியிலும் அதே பெட்டிதான் இருக்கிறது.

அம்மாவின் சர்க்கரைப் பரிசோதனைத் தாள் வீட்டில் அலமாரிக் கண்ணாடியில் செருகியிருக்கிறது. சர்க்கரைக்காக அல்ல. தாளின் அடியில் பொடி எழுத்தில் எங்கள் கம்பெனி பெயர் இருக்கிறதாம். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவாள், "இது என் பொண்ணு ஆபீஸ்" என்று.

அந்தத் தாளில் இருப்பதும் அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மார்ச் 11, புதன்

சிவப்பை இன்றைக்கே சொல்லியாக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலையில் முதல் வேலையாக மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், எப்போதும் மறக்காமல் இருக்க: 'பச்சையை இரண்டாம் முறை இன்னும் ஆழமாக ஓட்டிப் பார்த்ததில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்துள்ளது.'

இன்னும் ஆழமாக! எவ்வளவு சாமர்த்தியம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

பத்து நிமிடத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அந்தப் பெட்டியை ஏழு வருடத்துக்கு முன் எழுதியது ரெண்டு கண்ணாடி. உட்கார்ந்து மாலைக்குள் அடைத்துவிட்டார். இதற்கு முன் யாராவது அந்த வழியாக வந்திருக்கிறார்களா என்று பதிவேடுகளையும் பார்த்தார்கள். யாரும் இல்லை. அப்பாடா.

மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். யாரும் கேட்காமலே மறுபடி ஓட்டிப் பார்த்தேனாம், அந்த அக்கறைதான் வேண்டுமாம். நீலத்தை மாற்ற வேண்டுமா என்று யாரோ கேட்டதற்கு, "ரெண்டு தடவை ஓட்டினாத்தான் முழிக்கும்னா அது என்ன கருவி?" என்று சொல்லிவிட்டார். நான் பேசாமல் நின்றேன்.

கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மார்ச் 12, வியாழன்

அம்மாவிடம் பாராட்டை மட்டும் சொன்னேன். அம்மா துணி ஆலையில் தைத்த சட்டைகளில் குறை பார்க்கும் மேசையில் வேலை செய்கிறாள். அவள் மேசைக்காரிகளிடம் அதை உடனே சொல்லியிருக்கிறாள். ஒருத்தி, "அப்ப தாயும் மகளும் ஒரே வேலைதான். நீ சட்டையில ஓட்டை தேடுற, அவ கம்ப்யூட்டர்ல தேடுறா. சம்பளத்துலதான் கொஞ்சம் ஓட்டை" என்றாளாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாதக் கடைசியில் எனக்கு வேலை நிரந்தரமாகும் என்றும் சொல்லி வைத்திருக்கிறாள். ஆறு மாதம் முடிகிறது. நிரந்தரமானதும் அவள் கூடுதல் நேர வேலையை விட்டுவிடுவதாகப் பேச்சு. முழங்கால் வலி.

மார்ச் 13, வெள்ளி

திங்கட்கிழமை கையெழுத்து. நீலத்தை மட்டும் வாங்கினால் அடுத்த சிவப்பை யார் பார்ப்பது? அது எங்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது. அந்த 412-இல் முக்கால்வாசி, ஒரே பழைய மென்பொருள் முப்பது இயந்திரங்களில் இருப்பதை முப்பது முறை எண்ணியது. வாசல் பூட்டையும் சமையலறை அடுப்பையும் ஒரே தராசில் வைத்து, எது கனம் என்று அட்டவணை போட்டவள் நான்.

ரெண்டு கண்ணாடி மூன்று நாளாக மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. தன் பழைய நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் நாலு முறை அவர் நாற்காலியைத் தாண்டினேன். நாலாவது முறை அவரே, "தண்ணி ரொம்ப குடிக்கிறியேம்மா, நல்லதுதான்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 15, ஞாயிறு

நாளைக்கு. சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவதுதான் அதிக பயமாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மேலாளர் அறைக்குப் போனேன். ரெண்டு கண்ணாடி ஏற்கெனவே அங்கே இருந்தார். அவர் இல்லாதபோது சொல்லலாம் என்று ஒரு நொடி திரும்பினேன். பிறகு, இவர் இல்லாமல் சொன்னால் அதுவும் பாதி சொன்னதுதான் என்று தோன்றியது.

மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. பழைய கடவுச்சொல், மஞ்சள் வரி, பார்த்தும் கேட்காதது, தெரியாமலே 'போச்சு' என்றது, 'இன்னும் ஆழமாக' என்று எழுதியது. எல்லாம் தலைகீழாக வந்தன. கடைசியில், "ஒரு தண்ணி பாட்டிலும் வாங்கினேன் மேடம்" என்றேன். மேலாளருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. உடனே போயும் விட்டது.

"தெரியலன்னு சொல்ல என்ன கஷ்டம்?"

உண்மையான பதில் நீளமானது. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, தெரியலை என்று சொன்னால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதை அங்கே சொன்னால் மன்னிப்பை இழுத்து வாங்குவது போல இருக்கும்.

ரெண்டு கண்ணாடி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றது தலையில் இருந்தது.

"பத்து நாளா எனக்கு வயசாயிடுச்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். "உள்ள போய்ட்டு ஆறுதான் பாத்துச்சுன்னா, நான் சொன்னது தப்பு. அப்புறம் என் பெட்டியிலயே அவ்வளவு பெரிய ஓட்டை. சரி, நம்ம காலம் முடிஞ்சதுன்னு வீட்ல கூட சொல்லிட்டேன்."

இதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

கையெழுத்து தள்ளிப்போயிருக்கிறது. என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

அம்மாவிடம் முழுக்கச் சொன்னேன். கருவி, சாவி எல்லாம் அவளுக்குப் புரிந்தது. பொய் சொன்ன இடத்தில்தான் தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அந்த மனுஷன்கிட்ட நேரா சொன்னியா?"

"அவர் முன்னாலதான் சொன்னேன்."

"அப்ப சாப்பிடு."

பிறகு நீல பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டாள். ஒழுகாத பாட்டிலாம்.

மார்ச் 31, செவ்வாய்

வேலை போகவில்லை. நிரந்தரமும் ஆகவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம், கடிதத்தில் இருக்கிறது. காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள், ஒரே வரியில், சரியாக.

எல்லோருக்கும் மேலாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: முதல் ஒப்பீடு செல்லாது. இயந்திரங்களுக்கு நீலம், சிறிய அளவில், ஒரு வருடத்துக்கு. நம் நிரலுக்குப் பச்சை. மின்னஞ்சலில் என் பெயர் இல்லை. ஆனால் யாருக்குத் தெரியாது? சாப்பாட்டு மேசையில் நான் உட்கார்ந்ததும் பேச்சு மாறுகிறது. ரெண்டு கண்ணாடி என்னை இப்போது 'நீங்க' என்கிறார். 'ம்மா' போய்விட்டது.

அம்மா கூடுதல் நேர வேலைக்குத்தான் போகிறாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். என் கை பட்டபோது, "மூணு மாசம் என்ன, ஓடிடும்" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 8, புதன்

வெள்ளைப்பலகையின் மூலையை அழித்துவிட்டேன். கடவுச்சொல்லைப் பூட்டி வைக்கும் இடம் ஒன்று இத்தனை நாளும் நம்மிடமே இருந்திருக்கிறது. யாரிடமும் கேட்காமல் அழிக்கவில்லை. கேட்டுவிட்டுத்தான் அழித்தேன்.

மே 5, செவ்வாய்

இந்த மாதத்துப் பச்சையை நேற்று ஓட்டினேன். இன்று காலைக் கூட்டத்தில் அறிக்கையைப் படித்தேன். மொத்தம் 9, சிவப்பு எதுவும் இல்லை. புதிதாகச் சேர்த்த மருந்துப் பட்டியல் பக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

ரெண்டு கண்ணாடி நிமிர்ந்தார்.

"மருந்துப் பக்கத்துக்கு உள்ள போச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அல்லது எனக்கு மட்டும் அப்படித் தோன்றியதோ என்னவோ.

"தெரியல சார். பாக்கல. பாத்துட்டு சொல்றேன்."

காது வரை சூடாகிவிட்டது. மேலாளர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

உட்கார்ந்து பார்த்தேன். போகவில்லை. அந்தப் பக்கங்களுக்குத் தனி அனுமதி வேண்டுமாம். அவர் மேசைக்குப் போய்ச் சொன்னேன்.

"நாற்காலிய இழுத்துப் போடும்மா" என்றார்.