புகை மணியும் உன் மருமகளும்

ஒடென்சே, டென்மார்க்
28.06.2009

அன்புள்ள மகள் சயந்தினிக்கு,

மெல்பேர்ன் குளிரில் தடிமன் கிடிமன் பிடிக்காமல் நீ சுகமாய் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கமாய் எழுதுகிற வரியை இந்த முறை பொய் கலக்காமல் எழுதுகிறேன், பிள்ளை. உன் தம்பி சுபாங்கனின் மகள் நேற்று முதல் மூக்கில் குழாய் இல்லாமல் தானே மூச்சு விடுகிறாள். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் வேலையால் வர நீ நித்திரை, நீ எழும்ப நான் நித்திரை, இரண்டு பேரும் முழித்திருந்தால் அம்மா ரிசீவரைப் பறித்துவிடுவார். எனக்கு ஆறுதலாய்ச் சொல்ல ஒரு விசயம் இருக்கிறது, அது உனக்குச் சேரவேண்டிய நன்றி, அதனால்தான் கடதாசி எடுத்தேன்.

ஏப்ரல் மாதம் எங்கள் வீடு இருந்த இருப்பு உனக்குத் தெரியும். வன்னிச் சண்டைச் செய்தி ஓடிய ரிவி அணையவில்லை, அடுப்பு ஒழுங்காய் எரியவில்லை. சுபாங்கனின் பெண்சாதி நிரோஜினி கிளிநொச்சிப் பிள்ளை, தாய் சுசீலாதேவியும் தம்பியும் எந்தப் பங்கர்க் குழிக்குள் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் வயிற்றில் பிள்ளையோடு அந்த ரிவிக்கு முன்னாலேயே இருந்தாள். அந்தக் கிழமைகளில் இந்த வீட்டில் ஒருவரும் தங்கள் உடம்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அங்கே சனம் ஒரு பனடோலும் இல்லாமல் சாக, இங்கே எனக்குத் தலையிடி என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அம்மா முழங்கால் நோவை மறைத்தார், நான் பல்லு நோவை மறைத்தேன். அந்தப் பிள்ளை காய்ச்சலை மறைத்துவிட்டாள். சிறுநீர் போகும்போது எரிந்ததாம், உடம்பு கணகணவென்று இருந்ததாம், இதெல்லாம் ஒரு வருத்தமோ என்று விட்டிருக்கிறாள். மே தொடக்கத்தில் வயிற்றுக்குத்து எடுக்க, இருபத்தெட்டாம் கிழமையில், என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் ஒரு பெண்பிள்ளை. நல்ல காலம், பெற முந்தியே நுரையீரலுக்கென்று ஊசி போட்டுவிட்டார்கள். அந்த டொக்டர்மாரையும் தாதிமாரையும் நான் இருக்கும்வரை கையெடுத்துக் கும்பிடுவேன்.

பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குப் போராட, அடுத்த அடுத்த கிழமை சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. முடிந்த விதத்தை நான் எழுதத் தேவையில்லை. நிரோஜினி அழவுமில்லை. பிள்ளையைத் தொடவுமில்லை, அதுதான் எங்களைக் கொன்றது. இங்கே உடுப்பில்லாமல் பிள்ளையை நெஞ்சுத் தோலோடு ஒட்டிப் படுக்க வைத்தால் அதற்கு மூச்சும் சூடும் சீராகும் என்று தாதி ஒவ்வொரு நாளும் கூப்பிடுவாள், இவள் கையைக் கட்டிக்கொண்டு யன்னலடியில் நிற்பாள். சுபாங்கன்தான் நெஞ்சைக் கொடுத்தான். கோயிலில் சேட்டைக் கழற்றச் சொன்னால் வெட்கத்தில் வெளியிலேயே நிற்கிறவன், இப்போது அத்தனை தாதிமாருக்கு முன்னால் வெறும் மேலோடு அரை நாள் கிடக்கிறான், வயிறு வேறு வைத்துவிட்டது. ஒரு நாள் அம்மா, ஏன் பிள்ளை தூக்கிறாயில்லை என்று மெல்லக் கேட்க, என்ர வயிறே வேண்டாமெண்டு தள்ளின பிள்ளையை நான் என்னெண்டு மாமி தூக்கிறது என்றாளாம். அம்மா வந்து குசினிக்குள் இருந்து அழுதார்.

அப்போதுதான் உனக்கு ஃபோன் எடுத்தோம். நீ ஆராய்ச்சிக் கூடத்தில் அங்கியோடு நின்றபடியே ஒரு மணித்தியாலம் கதைத்தாய். இத்தனை வருசமாய் நீ என்ன படிக்கிறாய் என்று யாரும் கேட்டால் உடம்புச் சாமான் ஏதோ என்று சமாளித்த அப்பன் நான், அன்றைக்குத்தான் உண்மையில் கேட்டேன். கிருமி கீழிருந்து ஏறிப் பிள்ளையைச் சுற்றியிருக்கிற சவ்வில் ஒட்ட, அங்கேயுள்ள கலங்கள் அதைத் தடவிப் பார்த்து அந்நியம் என்று அறிந்து உள்ளே ஒரு சுவிச்சைப் போடும் என்றாய். இன்டர்லூக்கின் என்ற தூதுப் புரதங்கள் ஓடிப்போய் வெள்ளைக் கலங்களைக் கூட்டிவர, அந்த அழற்சியில் வேறொரு பொருள் சுரந்து கருப்பை வாய் இளகி, பிரசவ நோ எழும்பிவிடும் என்றாய். பிள்ளைக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியைச் சோதித்து இங்கே சொன்னதும் அந்த அழற்சியைத்தான். கவலைக்கு ஒரு பங்கும் இல்லையென்று சத்தியம் பண்ண மாட்டன் அப்பா, ஒரு நாள் முந்திப் போயிருந்தா மாறியிருக்குமெண்டும் ஒருத்தராலும் சொல்லேலாது என்றாயே, அந்த நேர்மைக்கே உன்னை வளர்த்தது போதும்.

ஆனால் அதை நிரோஜினிக்குச் சொல்லப்போய் நான் கெடுத்துவிட்டேன். வெள்ளைக் கலங்கள் உடம்பின் படை, கிருமி வர அது தாக்குதல் நடத்தும் என்று கையை வீசி விளங்கப்படுத்த, அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அம்மா என்னைப் பிடித்து ஏசினார், உங்களுக்கு வேற கதை கிடைக்கேல்லையோ, அந்தப் பிள்ளைக்கு முன்னால படையைக் கொண்டுவந்து நிப்பாட்டிறியள் என்று. நியாயந்தானே.

பிறகு ஒரு சனிக்கிழமை, பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறி வைக்கிறேன் என்று அம்மா செத்தல் மிளகாய் வறுத்தார். வழக்கமாய் மிளகாய் வறுக்க முன் கதிரையில் ஏறிப் புகை மணியின் பற்றரியைக் கழற்றுகிறவன் நான், அன்றைக்கு முற்றிலும் மறந்துபோனேன். இங்கே ஒரு வீட்டில் மணி அடித்தால் படிக்கட்டு முழுக்க அடிக்கும். நாலு மாடிச் சனமும் புல்லுக்கு இறங்கிவிட்டது, கீழ்வீட்டு டெனிஷ்காரர் பூனையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறார், தீயணைப்பு வண்டி வேறு வந்துவிட்டது. அம்மா கையில் அகப்பையோடு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிகிறார். நிரோஜினி வீட்டுச் செருப்போடு என் பக்கத்தில் நின்று தும்மினாள். எனக்கு அந்த இடத்தில்தான் புத்தி வந்தது. அவள் பக்கம் திரும்பி, பிள்ளை, சயந்தினி மச்சாள் சொன்னது இதைத்தான், வந்தது மிளகாய்ப் புகை, மணிக்கு மிளகாயும் தெரியாது வீடு எரியிறதும் தெரியாது, அடிச்சா எல்லாரையும் வெளியில அனுப்பும், உன்ர வயிறு பிள்ளையை வேண்டாமெண்டு தள்ளேல்லை, உள்ளுக்க நெருப்பெண்டு நினைச்சு வெளியில விட்டது என்றேன். அவள் வண்டி திரும்பிப் போகும்வரை பூனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குள் ஏறாமல் அந்தச் செருப்போடேயே பஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நாங்கள் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை அவள் நெஞ்சில் கிடக்கிறது, அவள் குலுங்கிக் குலுங்கி அழுகிறாள், அந்தக் குலுக்கலிலும் பிள்ளை நல்ல நித்திரை.

நன்றி என்று எழுத எனக்குக் கூச்சமாயும் இருக்கிறது. அத்தனை சனம் போன வருசத்தில் எங்களுக்கு மட்டும் ஒன்றைத் தந்திருக்கிறானே கடவுள் என்று நினைத்தால் சாமி அறையில் கண்ணை மூட முடியவில்லை. அங்கேயும் அம்மாவுக்கு ஒரு சந்தேகம், பிள்ளை பிறக்கவேண்டியது ஜூலைக் கடைசியில் என்று டொக்டர் சொல்லுறாரே, அப்ப பிள்ளைத் துடக்கை, அந்தத் தீட்டு நாளை, எப்ப தொடங்கி எண்ணுறது என்று. ஐயரிடம் கேட்டு, பிறந்த நாளிலிருந்துதான் என்று அறிந்து, நாள் கழிந்துவிட்டதென்று விளக்கேற்றிவிட்டார்.

போன கிழமை வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவரின் ஃபோனில் சுசீலாதேவி கதைத்தார். உயிரோடு இருக்கிறார், காலில் காயம். மகனைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, நாங்களும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்த நிலையிலும், ஏனடி பிள்ளை நாள் முந்திப் பிறந்தது என்று கேட்டார். நெருப்பெண்டு நினைச்சு வெளியில விட்டிட்டன் அம்மா என்று நிரோஜினி சொன்னாள். அதற்கு அவர், நானும் சண்டை திரும்பத் தொடங்கேக்க அப்பிடித்தானே உன்னைக் கலியாணம் கட்டி அனுப்பினனான், வெளியில விட்ட பிள்ளை தப்பும், நீ தப்பினனிதானே என்றார். லைன் அறுந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆய்வுகூடத்தில் நின்றபடி பாண் தின்னாதே. அடுத்த முறை எடுக்கும்போது எங்களை விட்டு முதலில் நிரோஜினியோடு கதை. அவளுக்கு உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறதாம், என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். அடுத்த பிள்ளைக்கும் இப்படி மணி அடிக்குமோ என்று கேட்கவேண்டுமாம்.

நீ நல்லாய் இருக்கவேண்டும், உன் கை தொட்டதெல்லாம் பல பிள்ளைகளைக் காக்கவேண்டும் என்று வாழ்த்தும்

உன் அப்பா,
ஆனந்தராஜா
(அம்மா யோகமலரும் பக்கத்திலிருந்து முத்தம் அனுப்புகிறார்)